குளிர் நின்றால் எல்லாம் போச்சு! வடசென்னையின் நடமாடும் ஃப்ரீசர் வண்டி மெக்கானிக்குகள்

இரவு நேர எண்ணூர் விரைவுச் சாலை. துறைமுகத்தை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் கன்டெய்னர் லாரிகள். திருவொற்றியூர்க்காரர்களுக்கும் ராயபுரத்துக்காரர்களுக்கும் பழகிப்போன காட்சி இது. டிரைவர்களில் சிலர் கேபினில் தூங்குவார்கள், சிலர் டீக்கடையில் நிற்பார்கள்.

ஆனால், குளிர்சாதன வண்டியை ஓட்டிவரும் டிரைவரின் காது மட்டும் தூங்காது. வண்டியின் நெற்றியில் பொருத்தியிருக்கும் மெஷினின் 'உர்ர்ர்' சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால், அடுத்த நிமிடம் கை போனைத் தேடும்.

"அண்ணே, டெம்பரேச்சர் ஏறிக்கிட்டே போகுது. மைனஸ் 18 வெச்சிருந்தேன், இப்ப மைனஸ் 12 காட்டுது. என்னண்ணே செய்றது?"

இப்படித்தான் ஆரம்பிக்கும் அந்த அழைப்பு. மறுமுனையில் இருக்கும் அனுபவசாலி மெக்கானிக், "என்ன ரிப்பேர்?" என்று கேட்பதற்கு முன்பு சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு.

"தம்பி, முதல்ல கதவைத் திறக்காதே!"

இந்தத் தொழிலின் சூட்சுமமே அந்த ஒரு வரியில் இருக்கிறது. மெஷின் நின்றுவிட்டாலும், நன்றாக மூடிய பெட்டிக்குள் உறைந்த சரக்கு நிறைய இருந்தால் அதுவே கொஞ்ச நேரம் தன் குளிரைக் காத்துக்கொள்ளும். பதற்றத்தில் 'உள்ளே என்ன ஆச்சோ' என்று கதவைத் திறந்து பார்த்தால், இருக்கும் குளிரும் கொட்டிப்போகும். மெஷினை எப்போது வேண்டுமானாலும் சரிசெய்யலாம். கெட்டுப்போன மீனைச் சரிசெய்ய எந்த மெக்கானிக்காலும் முடியாது.

படகில் வந்த பனிக்கட்டி

குளிரைச் சுமந்துவந்து விற்பது சென்னைக்குப் புதிதல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃபிரெடரிக் டியூடர், அங்கே குளிர்காலத்தில் உறையும் ஏரிகளை அறுத்து, பனிக்கட்டிகளை மரத்தூளில் பொதிந்து கப்பலில் உலகமெங்கும் அனுப்பினார். 1833-ல் கல்கத்தாவுக்குச் சுமார் 180 டன் ஏற்றி அனுப்பினார். நான்கு மாதப் பயணத்தில் உருகியது போக, கரைசேர்ந்தது சுமார் 100 டன்!

மெட்ராசுக்கும் அந்த ஐஸ் வந்தது. அன்று இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் தள்ளி நிற்க, சரக்குகள் மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டிக் கரைக்கு வரும். அப்படி வந்த ஐஸைச் சேமிக்க 1842-ல் கடற்கரையோரம் கட்டப்பட்டதுதான் 'ஐஸ் ஹவுஸ்'. இன்று அது விவேகானந்தர் இல்லம். செயற்கையாக ஐஸ் தயாரிக்கும் முறை வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது.

அதன்பிறகு வெகுகாலம், 'குளிர்' என்றால் ஐஸ் கட்டிதான். காசிமேட்டில் இன்றும் உடைத்த ஐஸ் இல்லாமல் வியாபாரம் நடக்காது. கடலுக்குப் போகும் படகும் ஐஸை ஏற்றிக்கொண்டுதான் கிளம்பும். ஆனால், ஐஸ் கட்டி ஜீரோ டிகிரிக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கும். பச்சை மீனுக்கு அது போதும். மைனஸ் 18 டிகிரி கேட்கும் உறைந்த இறாலுக்கோ, ஐஸ்க்ரீமுக்கோ போதாது. அதற்குத்தான் இந்த மெஷின்.

கறுப்பின மெக்கானிக் கொடுத்த வரம்

லாரியில் குளிர்சாதன மெஷினைப் பொருத்தி வெற்றிகண்டவரும் ஒரு மெக்கானிக்தான். பெயர், ஃபிரெடரிக் மெக்கின்லி ஜோன்ஸ். 1893-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் பிறந்த கறுப்பின மனிதர். சின்ன வயதிலேயே பெற்றோரின் ஆதரவை இழந்தவர், பள்ளிப்படிப்பையும் பாதியில் விட்டார். கார் கேரேஜில் எடுபிடியாகச் சேர்ந்து, மெக்கானிக் ஆகி, மின்சாரமும் மின்னணுவும் தானே படித்துக் கற்றுக்கொண்டார்.

1930-களின் கடைசியில், ஜோசப் நூமெரோ என்ற தொழிலதிபருடன் சேர்ந்து, சாலையின் குலுக்கலைத் தாங்கும் குளிர்சாதன மெஷினை லாரிக்காக உருவாக்கினார். ஆரம்பத்தில் லாரியின் அடிப்பகுதியில் பொருத்தப்பட்ட மெஷின், பிறகு டிரைவர் கேபினுக்கு மேலே, பெட்டியின் முன்நெற்றிக்கு மாறியது. இன்றும் பெரிய ஃப்ரீசர் லாரிகளில் மெஷின் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் 'தெர்மோ கிங்'. 60-க்கும் மேற்பட்ட காப்புரிமைகளைப் பெற்ற ஜோன்ஸ் 1961-ல் மறைந்தார். அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம், அவர் இறந்து 30 ஆண்டுகள் கழித்து 1991-ல் வழங்கப்பட்டது.

ராயபுரத்துக்கும் இந்தக் குளிர்க் கதையில் ஓர் இடம் உண்டு. 1970-ல் ஆர்.ஜி.சந்திரமோகன் என்ற இளைஞர் 13,000 ரூபாய் முதலீட்டில் ஐஸ் தயாரிக்கத் தொடங்கியது ராயபுரத்தில், 250 சதுர அடி வாடகை இடத்தில்தான். தள்ளுவண்டியில் போன அந்த ஐஸ்தான் 'அருண் ஐஸ்க்ரீம்ஸ்' ஆனது. தள்ளுவண்டி போகிற தூரம் நாலு தெரு. ஊர் விட்டு ஊர் போக வேண்டுமானால், குளிரும் கூடவே பயணம் செய்ய வேண்டும்.

எப்படிக் குளிர்கிறது?

ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவும்போது சில்லென்று இருக்கும் அல்லவா? ஸ்பிரிட் ஆவியாகும்போது நம் தோலின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஃப்ரீசர் வண்டியில் நடப்பதும் இதுதான். 'கேஸ்' என்று நாம் சொல்லும் குளிர்பதனத் திரவம், பெட்டிக்குள் இருக்கும் காயிலில் ஆவியாகி உள்ளே இருக்கும் வெப்பத்தை உறிஞ்சும். கம்ப்ரசர் அதை அழுத்தி வெளியே இருக்கும் கண்டென்சருக்கு அனுப்பும். அங்கே வெப்பத்தைக் காற்றில் விட்டுவிட்டு, மறுபடி திரவமாகி உள்ளே போகும். மெஷின் குளிரை 'உண்டாக்குவது' இல்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது, அவ்வளவுதான்.

வண்டிகளில் மூன்று வகை உண்டு. சின்ன வண்டிகளில் வண்டியின் இன்ஜினே பெல்ட் மூலம் கம்ப்ரசரைச் சுற்றும். பெரிய லாரிகளில் குளிர் மெஷினுக்கென்றே தனி டீசல் இன்ஜின் இருக்கும். ஐஸ்க்ரீம் வண்டிகள் பலவற்றில் மூன்றாவது வகை. குல்ஃபி விற்பவர் பானையில் ஐஸோடு கல்லுப்பைக் கலப்பாரே, ஏன்? உப்பு சேர்ந்தால் குளிர் ஜீரோவுக்கும் கீழே இறங்கும். அதே தத்துவம்தான். உப்புக் கரைசல் அடைத்த தகடுகளை இரவில் கரன்ட் கொடுத்து உறையவைத்துவிட்டால், பகல் முழுக்க மெஷின் ஓடாமலேயே வண்டி குளிர்ந்திருக்கும்.

துறைமுகத்துக்குப் போகும் குளிர்சாதன கன்டெய்னர்கள் தனி ரகம். யார்டில் இருக்கும்போது பிளக்கில் மாட்டிவிடுவார்கள். சாலையில் வரும்போது அதோடு ஒரு ஜெனரேட்டர் கூடவே வரும். வரிசை நகராமல் நின்றால், டீசல் தீரத் தீர டிரைவரின் கவலையும் ஏறும்.

உப்பும் தூசியும்

வடசென்னையில் இந்த மெஷின்களுக்கு எதிரிகள் அதிகம். முதல் எதிரி, கடல். உப்புக் காற்று கண்டென்சரின் மெல்லிய அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். அடுத்து, தூசி. எண்ணூரில் நிலக்கரியைக் கையாளும் காமராஜர் துறைமுகம், அனல் மின் நிலையங்கள், மணலியின் ஆலைகள், இரவு பகலாக ஓடும் கனரக வண்டிகள். இத்தனைக்கும் நடுவே ஓடும் வண்டியின் கண்டென்சரில், உப்பு ஈரத்தோடு தூசி சேர்ந்து சாந்து பூசியதுபோல அடைத்துக்கொள்ளும். வெப்பம் வெளியே போக வழியில்லாமல் மெஷின் திணறும். கடைசியில் கம்ப்ரசரே நின்றுபோகும்.

மூன்றாவது எதிரி, நெரிசல். இன்ஜினால் சுற்றும் கம்ப்ரசர், வண்டி வேகமாக ஓடும்போது நன்றாகக் குளிர்விக்கும். வண்டி நின்று, இன்ஜின் மெதுவாக உறுமிக்கொண்டிருந்தால் கம்ப்ரசரும் மெதுவாகத்தான் சுற்றும். அக்னி நட்சத்திர வெயிலில், சூடான தார்ச்சாலையில், மற்ற லாரிகளின் புகைக்கு நடுவில் நிற்கும் வண்டிக்கு இது சோதனைக் காலம். அதே நாள்களில்தான் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் இருக்கும். உள்ளூர் விசைப்படகுகள் கரையில் நிற்க, சந்தை வெளியூர் மீனை எதிர்பார்க்கும். மீன் வரவேண்டிய தூரம் கூடுகிறது, வெயிலும் கூடுகிறது.

"கேஸ் போடுங்க" என்றால் போதுமா?

வண்டி குளிரவில்லை என்றதும் டிரைவர், முதலாளி எல்லோரும் சொல்வது, "கேஸ் தீர்ந்துபோச்சு, போட்டு விடுங்க!" ஆனால், கேஸ் என்பது டீசல் போலத் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. அடைத்த குழாய்க்குள் சுற்றிச்சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால், எங்கோ கசிகிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் கேஸ் நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுபோல.

அதனால் நல்ல மெக்கானிக் கேஸ் சிலிண்டரைக் கடைசியாகத்தான் எடுப்பார். முதலில் கண்ணால் பார்ப்பார். பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா, ஃபேன் சுற்றுகிறதா, கண்டென்சர் அடைத்திருக்கிறதா, உள்காயிலில் பனி மூடியிருக்கிறதா, கதவின் ரப்பர் கேஸ்கெட் கிழிந்திருக்கிறதா? பல நேரங்களில் கோளாறு மெஷினிலேயே இருக்காது. குளிர்ந்த காற்று கூரையை ஒட்டிப் பின்கதவு வரை போய், கீழ் வழியாகத் திரும்பிவர வேண்டும். பெட்டிகளைக் கூரை முட்ட அடுக்கிவிட்டால் காற்றுக்கு வழியில்லை. முன்னால் இருக்கும் சரக்கு உறையும், பின்னால் இருப்பது இளகும்.

கசிவு என்று தெரிந்தால் வேலை நீளும். குழாய்க்குள் நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்ப்பார். குமிழ் எழும்பும் இடம்தான் ஓட்டை. லாரியின் குலுக்கலில் இணைப்புகள் விடுவது சகஜம். அதை அடைத்தபிறகு வேக்யூம் பம்ப் போட்டு, உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் சுத்தமாக இழுத்தெடுக்க வேண்டும். மிச்சமிருக்கும் துளி ஈரம்கூட, கேஸ் போகும் ஊசித்துளை வழியில் உறைந்து அடைத்துக்கொள்ளும். அதன் பிறகுதான், மெஷினில் குறிப்பிட்டிருக்கும் அளவை எடைபோட்டு கேஸ் ஏற்றுவது.

வேக்யூம் பம்ப் ஓடும் நேரம்தான் பெரிய சோதனை. "இன்னும் எவ்வளவு நேரம்ணே?" என்று டிரைவர் தவிப்பார். போனில் முதலாளி அவசரப்படுத்துவார். அந்த அரை மணி, ஒரு மணி நேரத்தைச் சுருக்கினால், இன்று ஓடும் வண்டி அடுத்த வாரம் வேறொரு நெடுஞ்சாலையில் நிற்கும்.

உயிரோடு விளையாடாதீர்கள்!

இந்த வேலையில் ஒரு தவறு உயிரையே எடுத்துவிடும். நைட்ரஜன் கிடைக்கவில்லை என்று, வெல்டிங்குக்கு வைத்திருக்கும் ஆக்சிஜனைக் குழாயில் ஏற்றிக் கசிவு பார்ப்பதுதான் அது. கம்ப்ரசருக்குள் ஆயில் இருக்கிறது. அழுத்தத்தில் ஆக்சிஜனும் ஆயிலும் சேர்ந்தால் குண்டுபோல வெடிக்கும். 'ஒரு தடவைதானே' என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை.

திரவமாக இருக்கும் கேஸ் கையில் பட்டால் நெருப்புபோலத் தோலைப் பொசுக்கும். மூடிய பெட்டிக்குள் கேஸ் கசிந்தால், காற்றைவிட கனமான அது கீழே தேங்கி மூச்சுத்திணற வைக்கும். அதனால் பெட்டிக்குள் வேலை நடக்கும்போது கதவு திறந்திருக்க வேண்டும். வெளியே ஓர் ஆள் நிற்க வேண்டும்.

ஆபத்து மெக்கானிக்குக்கு மட்டுமல்ல. ஃப்ரீசர் வண்டிகளில் பரவலாகப் பயன்படும் ஆர்-404ஏ என்ற கேஸ், ஒரு கிலோ காற்றில் கலந்தால் சுமார் 3,900 கிலோ கரியமில வாயு கலந்ததற்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். இத்தகைய வாயுக்களைக் குறைக்க 2016-ல் ருவாண்டாவின் கிகாலி நகரத்தில் உலக நாடுகள் உடன்பட்டன. 2021-ல் இந்தியாவும் அதை ஏற்றது. 2032-ல் தொடங்கி 2047-க்குள் 85 சதவிகிதம் குறைக்க வேண்டும் என்பது இலக்கு. கேஸை 'புஸ்' என்று காற்றில் திறந்துவிடாமல், சிலிண்டரில் திரும்பப் பிடிக்கும் மெக்கானிக், தெரிந்தோ தெரியாமலோ அந்த ஒப்பந்தத்தை நடுரோட்டில் நிறைவேற்றுகிறார்.

மெஷின் ஓடிவிட்டது… சரக்கு?

கோளாறு சரியாகி, மெஷின் மறுபடி உறுமத் தொடங்கும். திரையில் எண் கீழே இறங்கும். மைனஸ் 10, மைனஸ் 14, மைனஸ் 18. டிரைவர் முகத்தில் சிரிப்பு வரும். ஆனால், மெக்கானிக்குக்கு ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். இடைப்பட்ட நேரத்தில் சரக்கு என்ன ஆனது?

திரை காட்டுவது காற்றின் குளிரைத்தான். மீனின் நடுப்பகுதி இளகியிருந்தால், அதை மறுபடி உறையவைத்துவிடலாம். வெளியே பார்க்க எதுவும் தெரியாது. ஆனால், சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் குளிர் விட்டுக் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் உருவாகும். சாப்பிட்டவர்களுக்கு முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, தலைவலி வரும். ஒருமுறை உருவான ஹிஸ்டமின், மறுபடி ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. குழம்பில் கொதிக்க வைத்தாலும் போகாது. 

தடுப்பூசி வண்டி என்றால் கணக்கே வேறு. பெரும்பாலான தடுப்பூசிகளுக்கு 2 முதல் 8 டிகிரி வரை இருக்க வேண்டும். அதில் சூடு மட்டும் பகை அல்ல. முத்தடுப்பு ஊசி, ஹெபடைடிஸ்-பி போன்றவை உறைந்துபோனாலே வீரியம் இழந்துவிடும். 'நல்லா குளிரட்டும்' என்று செட்டிங்கை ஒரேயடியாகக் குறைத்துவைப்பதும் அங்கே கோளாறுதான்.

அதனால்தான் வெப்பநிலையைப் பதிவுசெய்யும் 'டேட்டா லாகர்' முக்கியம். எத்தனை மணிக்கு மெஷின் நின்றது, எவ்வளவு நேரம் குளிர் விட்டது என்பதை அது எழுதிவைத்திருக்கும். டீசல் மிச்சம் பிடிக்க வழியில் மெஷினை அணைத்துவிட்டு, ஊர் நெருங்கும்போது ஓடவிடும் தந்திரமும் அதில் மாட்டும். 'வண்டி சரியாகிவிட்டது' என்று சொல்வதோடு, 'சரக்கை இறக்கும்போது உள்ளே டெம்பரேச்சர் வெச்சுப் பாருங்க, சந்தேகமா இருந்தா விக்காதீங்க' என்று சொல்லும் மெக்கானிக், முகம் தெரியாத எத்தனையோ குடும்பங்களின் சாப்பாட்டுத் தட்டைக் காவல் காக்கிறார். அதைச் சொன்னால் முதலாளிக்குக் கோபம் வரலாம், அடுத்த அழைப்பு வராமலும் போகலாம். சொல்லத்தான் வேண்டும்.

கற்க நினைப்பவர்களுக்கு…

பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் ஐ.டி.ஐ-யில் குளிர்பதனம் மற்றும் ஏ.சி டெக்னீஷியன் பிரிவில் இரண்டு ஆண்டு படிக்கலாம். வீட்டு ஏ.சி வேலையிலிருந்து வண்டி வேலைக்கு வருபவர்கள், டீசல் இன்ஜினும் வண்டியின் பேட்டரி வயரிங்கும் கூடுதலாகக் கற்க வேண்டியிருக்கும். இந்த வேலைக்குக் கடை வேண்டியதில்லை. கேஜ் செட், வேக்யூம் பம்ப், எடைமெஷின், மல்டிமீட்டர், சிலிண்டர்கள் ஆகியவற்றை ஏற்றிச்செல்ல ஒரு வண்டியும், நடுராத்திரியில் எடுக்கப்படும் ஒரு போனும் போதும். 

நாம் செய்ய வேண்டியது என்ன?

இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி நம் கையில்தான் இருக்கிறது. உறைந்த உணவு மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும் என்கிறது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம். கடையில் ஃப்ரோஸன் பட்டாணி பாக்கெட்டை ஆட்டிப் பாருங்கள். தனித்தனியாக உருண்டால் நல்லது. ஒரே கட்டியாக இறுகியிருந்தால், இடையில் இளகி மறுபடி உறைந்திருக்கலாம். ஐஸ்க்ரீம் உருக்குலைந்திருந்தாலும், உள்ளே பனித்துகள் நறநறவென்று இருந்தாலும் அதே சந்தேகம்தான். மளிகை எல்லாம் வாங்கி முடித்தபிறகு, கடைசியாக உறைந்த பொருள்களை எடுங்கள். நேராக வீட்டுக்குப் போங்கள்.

அடுத்தமுறை எண்ணூர் சாலையிலோ, காசிமேட்டிலோ ஒரு ஃப்ரீசர் வண்டியின் நெற்றியில் ஏறி, டார்ச் வெளிச்சத்தில் ஒருவர் வேலை பார்ப்பதைக் கண்டால், ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போங்கள். அந்தப் பெட்டிக்குள் இருப்பது நாளைக்கு நம் வீட்டுக் குழந்தை கேட்கப்போகும் ஐஸ்க்ரீமாக இருக்கலாம். அவளுக்குப் போடப்போகும் தடுப்பூசியாகவும் இருக்கலாம்.